செர் கேட்ட கேள்வி, பரிமளா காட்டிய விலக்கு

1976-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் புல்லட்டின் இதழில் மூன்றே பக்கங்களில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆர். பரிமளா. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்தவர். பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு செய்து அதே ஆண்டு முனைவர் பட்டம் பெற்றவர். வயது இருபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக் கணித மேதை ழான் பியேர் செர் 1955-இல் கேட்டிருந்த கேள்வியின் இருபடி வடிவம் பொய்த்துப் போகிறது என்று தலைப்பிலேயே சொன்னது அந்தக் கட்டுரை.

பெண் கணித அறிஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு தனி மேதையின் கதையைச் சொல்வார்கள்: தடைகள், பிடிவாதம், வெற்றி. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று பக்கங்கள் எப்படிச் சாத்தியமாயின என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. தூய கணிதத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவி வேண்டாம், தாளும் பேனாவும் போதும் என்பார்கள். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது, அது எங்கே நின்றுபோயிருக்கிறது என்பதைக் காதில் போடும் ஆள் வேண்டுமே. பரிமளாவின் வாழ்வை அந்த ஆட்களின் வரிசையாகப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஓசூரில் உட்கார்ந்து எழுதும்போது இந்த எண்ணம் கூடுதலாக உறுத்துகிறது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பிரான்சிலேயே இந்த வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண் ஒருவர் உண்டு. சோஃபி ஜெர்மைன், பிறப்பு 1776. பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் 1794-இல் தொடங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது; பெண்களுக்கு அங்கே இடமில்லை. வகுப்புக் குறிப்புகளை யார் மூலமாகவோ பெற்றுப் படித்தார். லெப்லான் என்ற ஆண் பெயரில் கட்டுரை எழுதி லக்ராஞ்சுக்கு அனுப்பினார். 1801-இல் காஸின் எண்கணித நூல் வெளிவந்ததும் அதை ஊன்றிப் படித்து, 1804-இல் அதே பெயரில் காஸுக்கே கடிதம் எழுதினார். அந்த நூலில் பாதிக்கு மேல் ஒரே அத்தியாயம். அதன் பொருள் இருபடி வடிவங்கள். நூற்றெழுபது ஆண்டு கழித்துப் பரிமளா கையில் எடுத்ததும் அதே இருபடி வடிவங்களைத்தான். எக்கோல் பாலிடெக்னிக் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972-இல். பரிமளா முதுகலை முடித்து அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பிரான்சைப் பார்த்து நாம் ரொம்பவும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்காக இதைக் குறிக்கிறேன்.

பிரெஞ்சுக் கணிதம் தமிழ்நாட்டுக்கு வந்தது பல்கலைக்கழக ஒப்பந்தம் எதனாலும் இல்லை. ஒரு பாதிரியார் கொண்டுவந்தார். சார்ல் ரசீன் என்ற இயேசு சபைத் துறவி பாரிஸில் எலி கார்த்தானிடம் சார்பியல் பற்றி ஆய்வு செய்து 1934-இல் முனைவரானவர். 1937-இல் இந்தியா வந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் கொஞ்ச காலம். பிறகு சென்னை லயோலாவில் பல ஆண்டுகள். அக்காலச் சென்னைப் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜ் தேர்வுமுறையின் நிழலில் ஓடிக்கொண்டிருந்தது: கடினமான கணக்கைக் கொடு, விரைவாகப் போடு. பாரிஸில் அப்போது கட்டமைப்பிலிருந்து தொடங்கும் புதிய கணிதம் வளர்ந்துகொண்டிருந்தது. அதை உருவாக்கிய ஆந்த்ரே வெயில், ஆன்ரி கார்த்தான் போன்றோர் ரசீனுக்கு நண்பர்கள். அவர்கள் புத்தகங்களைத் தம் மாணவர் கையில் கொடுத்தார்; தேறியவர்களைப் பம்பாய் டாட்டா நிறுவனத்துக்கு அனுப்பினார். எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, சி.பி. ராமானுஜம் எல்லோரும் அந்த வழியில் போனவர்கள்.

லயோலா அன்று ஆண்கள் கல்லூரி. ரசீனின் வகுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. கூப்பிடு தூரத்தில், கதீட்ரல் சாலையில், பிரான்சிஸ்கன் சகோதரிகள் 1947-இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் இருந்தது. பரிமளா சாரதா வித்யாலயா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து அங்கே சேர்ந்தார். 1970-இல் சென்னைப் பல்கலைக்கழக முதுகலைப் பட்டம் பெற்றார். ஆகவே, சென்னைக்குள்ளேயே ஓடிய பிரெஞ்சு வாய்க்கால் அவருக்குச் சென்னையில் கிடைக்கவில்லை. பம்பாய்க்குப் போன பிறகே கிடைத்தது.

அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஆர். ஸ்ரீதரன். அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஐலன்பர்க்கிடம் ஆய்வு செய்தவர். ஐலன்பர்க், ஆன்ரி கார்த்தானுடன் சேர்ந்து 1956-இல் ஹோமாலஜிகல் இயற்கணித நூலை எழுதியவர். ஆன்ரி கார்த்தான், ரசீனின் ஆசிரியரான எலி கார்த்தானின் மகன். கேள்வியை எழுப்பிய செர், ஆன்ரி கார்த்தானின் மாணவர். எந்தப் பக்கம் சுற்றினாலும் பாதை கார்த்தான் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. லயோலா வழியாக வந்த கிளை அப்பாவிடமிருந்து; நியூயார்க் வழியாக வந்த கிளை மகனிடமிருந்து. இரண்டும் பம்பாயில் கொலாபா கடற்கரையோரக் கட்டடம் ஒன்றில் கலந்தன.

இனிக் கேள்வி என்னவென்று பார்க்கலாம். தட்டையான ஒரு தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளி பொருத்தப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி நகர நகர அந்த வெளியும் பல்லுறுப்புக் கோவைகளின் விதிப்படி மாறுகிறது. இந்த மொத்தக் கற்றையையும் முறுக்கில்லாமல் பிரித்து, எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு அச்சுத் தொகுதியை வைக்க முடியுமா? பழைய மாவு மில்லில் பெல்ட்டை ஒரு அரைத் திருப்புத் திருப்பி ஒட்டியிருப்பார்கள். அதில் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று முழுச் சுற்றுக்கும் ஒரே மாதிரி குறிக்க முடியாது. வளையத்தில் அப்படி முறுக்கு வரும். தளத்தில் சுற்றிவர ஓட்டை ஏதும் இல்லாததால், தொடர்ச்சியான சார்புகளை அனுமதித்தால், முறுக்கு வராது. ஆனால் பல்லுறுப்புக் கோவைகளைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தால்? செர் 1955-இல் இதைத்தான் கேட்டார். எத்தனை மாறிகள் இருந்தாலும் முறுக்கில்லை என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. தமக்குத் தெரியாது என்றார். உலகம் அதைச் செர் கருதுகோள் என்று அழைக்கத் தொடங்கிவிட்டது.

முதல் பெரிய அடியை வைத்தவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்ரி. இரண்டு மாறிகளுக்கு, அதாவது சாதாரணத் தளத்துக்கு, விடை 'முறுக்கில்லை' என்று 1958-இல் நிறுவினார். முழு விடை கிடைக்க இன்னும் பதினெட்டு ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவில் டேனியல் குயிலனும் சோவியத் ஒன்றியத்தில் ஆந்த்ரேய் சுஸ்லினும் ஒருவரையொருவர் அறியாமல் 1976-இல் எல்லா மாறிகளுக்கும் அதையே நிறுவினார்கள்.

அதே 1976. பம்பாயில் பரிமளா கேட்டது சற்றே கூடுதலான ஒன்று. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள வெளியில் நீளத்தை அளக்கும் ஒரு அளவுகோலும் இருந்தால்? நீளத்தின் வர்க்கத்தைத் தரும் அந்த அளவுகோல்தான் இருபடி வடிவம். இடத்துக்கு இடம் அது மாறிக்கொண்டே வரும். பொது அச்சு கிடைக்கும் என்று சேஷாத்ரி உறுதி கொடுத்துவிட்டார். எல்லாப் புள்ளியிலும் அளவுகோல் ஒரே மாதிரி தெரியும்படி அந்த அச்சைத் திருத்தி அமைக்க முடியுமா?

பி.எஸ்சி. கணிதம் படித்த யாரும் உடனே கிராம்–ஷ்மிட் முறையைச் சொல்வார்கள். தேர்வுக்குத் தவறாமல் வரும் கணக்கு அது: ஒரு வெக்டரை எடு, அதன் நீளத்தால் வகு, அடுத்ததைச் செங்குத்தாக்கு. நீளத்தால் வகுக்கும் அந்த இடத்தில்தான் வம்பு. நீளம் என்பது வர்க்கமூலம். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம் பெரும்பாலும் பல்லுறுப்புக் கோவையாக இருப்பதில்லை. வர்க்கமூலத்தை அனுமதித்தால் எல்லா அளவுகோலும் நேராகிவிடும். தடுத்தால் என்ன ஆகும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு மாறி மட்டும் இருந்தால் தடுத்தும் பாதகமில்லை. இரண்டு மாறிகளில், மெய்யெண் தளத்தின் மேல், நான்கு பரிமாணமுள்ள ஒரு இருபடி வெளியைப் பரிமளா கட்டிக் காட்டினார். எந்தப் பல்லுறுப்புக் கோவை மாற்றத்தாலும் அதை நிலையான அளவுகோலாக்க முடியாது. உலகில் முதன்முதலாகக் கிடைத்த இத்தகைய எடுத்துக்காட்டு அது. சேஷாத்ரி முறுக்கில்லை என்று காட்டிய அதே தளம். அளவுகோலைச் சேர்த்ததும் முறுக்கு முளைத்துவிட்டது.

எடுத்துக்காட்டு ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஸ்ரீதரனும் ஒகாங்குரனும் 1971-இலேயே, பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறும் எண்களான குவாட்டர்னியன்களை எடுத்து, அவற்றின் மேல் இரண்டு மாறிகளில் செர் கருதுகோள் பொய்க்கும் என்று காட்டியிருந்தார்கள். குவாட்டர்னியன் மெய்யெண்களின் மேல் நான்கு பரிமாணம் கொண்டது. பரிமளாவின் வெளியும் நான்கு பரிமாணம். ஆசிரியர் ஓரிடத்தில் கண்ட முறுக்கு, அளவுகோல் உள்ள இடத்திலும் ஒளிந்திருக்கும் என்று மோப்பம் பிடித்ததே மாணவியின் திறமை. இன்னும் பின்னால் போனால் ஹில்பர்ட் இருக்கிறார். எங்கும் எதிர்மதிப்பு எடுக்காத பல்லுறுப்புக் கோவையை வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பது ஒரு மாறிக்கு மெய், இரண்டு மாறிக்குப் பொய் என்று 1888-இல் சொன்னவர் அவர். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் ஓடும் அந்தக் கோடு மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. டாட்டா நிறுவனத்தில் பரிமளாவின் மூத்த சகாவான எம்.எஸ். ரகுநாதன் இதே கேள்வியைப் பொதுவான இயற்கணிதக் குலங்களுக்கு விரித்து 1978-இல் கட்டுரை எழுதினார்.

தமிழ்ப் பத்திரிகைகளில் 'உலகை வியக்க வைத்த தமிழ்ப்பெண்' என்ற பாணியில் எழுதும்போது பட்டியலாகிவிடும் விருதுகளை இங்கே விரைவாகக் கடக்கிறேன். 1987-இல் கணித அறிவியலுக்கான பட்நாகர் விருது. அத்துறையில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1994-இல் சூரிச் உலகக் கணித மாநாட்டில் அழைப்புரை. 1999-இல் லோசான் பல்கலைக்கழகத்தின் கௌரவ முனைவர் பட்டம். 2005-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2013-இல் நோதர் சொற்பொழிவு.

செரின் நிழல் அவரை விடவில்லை. 1962-இல் செர் முன்வைத்த இன்னொரு கருதுகோள், இரண்டாம் கருதுகோள் என்று அழைக்கப்படுவது, குலங்களின் கலுவா கோஹோமாலஜி பற்றியது. பிரான்சின் பெசான்சோனில் அப்போது பணியாற்றிய ஈவா பேயர்-ஃப்ளூக்கிகருடன் சேர்ந்து, செவ்வியல் குலங்கள் அனைத்துக்கும் அது மெய் என்று பரிமளா 1995-இல் நிறுவினார். இரண்டு பெண்கள் எழுதிய அந்தக் கட்டுரை இந்தத் துறையில் இருப்பவர்கள் தவிர்க்க முடியாத ஒன்று. இ8 என்ற மிகப் பெரிய விதிவிலக்குக் குலத்துக்கு அந்தக் கருதுகோள் பொதுவாக இன்னும் தீரவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது எட்டு என்ற எண்ணின் கதை. எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூடிப் பூஜ்ஜியமாக வேண்டுமென்றால் மெய்யெண்களில் இரண்டுமே பூஜ்ஜியமாக இருந்தாக வேண்டும். எத்தனை வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே கதைதான். வேறு எண் அமைப்புகளில் நிலைமை வேறு. பி-யடிக் எண்கள் என்ற உலகில் நான்கு மாறிகள் வரை தப்பிக்கலாம்; ஐந்து மாறிகளில் எழுதிய எந்த இருபடி வடிவமும் எல்லா மாறியும் பூஜ்ஜியமாகாமலே பூஜ்ஜிய மதிப்பை எடுத்துவிடும். ஆகவே அந்த உலகின் எல்லை நான்கு. அந்த எண்களோடு ஒரு மாறியைச் சேர்த்துச் சார்புகளின் உலகத்துக்குப் போனால் எல்லை இரட்டித்து எட்டாகும் என்று துறையினர் எதிர்பார்த்தார்கள். எட்டுக்குக் குறையாது என்பது எளிது. எட்டைத் தாண்டாது என்று காட்டுவதுதான் பாடு. வெகுகாலம் அதற்கு எல்லை உண்டா என்பதே தெரியாமல் இருந்தது. தொண்ணூறுகளில் மெர்குரியெவ் இருபத்தாறுக்கு மேல் போகாது என்றார். ஹோஃப்மனும் வான் ஹீலும் அதை இருபத்திரண்டாக்கினார்கள். பரிமளாவும் அவருடைய மாணவர் வி. சுரேஷும் 1998-இல் பத்துக்கு இறக்கினார்கள். பாரிஸுக்கு அருகிலுள்ள ஐ.எச்.இ.எஸ். நிறுவனத்தின் இதழில் அது வெளிவந்தது. பத்திலிருந்து எட்டுக்கு வர மேலும் பத்தாண்டு பிடித்தது. 2010-இல் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் அந்தச் சான்று அச்சேறியது. பி என்ற பகா எண் இரண்டாக இருக்கும் நிலையை மட்டும் அந்தச் சான்று தொடவில்லை. அதையும் சில ஆண்டுகளில் பிடித்துவிட்டார்கள்.

அந்த 2010 ஆகஸ்டில் ஐதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தது. இந்தியாவில் நடந்த முதல் மாநாடு. முழு அரங்க உரையாளர்களில் பரிமளா ஒருவர். பிரான்சின் கிளேர் வுவாசான் இன்னொருவர். ஆறு ஆண்டு கழித்து, காலேஜ் து பிரான்ஸில் பேராசிரியர் இருக்கை பெற்ற முதல் பெண் கணித அறிஞர் ஆனார் வுவாசான். அதாவது ஐரோப்பாவில் கணிதம் மிகச் செழித்த நாட்டிலும் அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வந்து சேர 2016 ஆகியிருக்கிறது. உலக மாநாட்டில் முழு அரங்க உரை நிகழ்த்திய முதல் பெண் எம்மி நோதர், 1932-இல், சூரிச்சில். அடுத்த பெண் அந்த மேடைக்கு வர 1990 ஆயிற்று.

பரிமளா தமக்குக் கிடைத்த வரிசையைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவரிடம் ஆய்வு செய்த சுஜாதா ராம்தொரை 2004-இல் பட்நாகர் விருது பெற்றார்; கணிதத்தில் அதைப் பெற்ற இரண்டாவது பெண். சுரேஷ் 2009-இல் பெற்றார். மூன்றாவது பெண்ணான நீனா குப்தாவுக்கு 2019-இல் கிடைத்தது. 1958-இல் தொடங்கிய அந்த விருதின் நீண்ட பட்டியலில் அதுவரை கணிதத்துக்கு மூன்று பெண் பெயர்கள். வியப்பதா நொந்துகொள்வதா என்று தெரியவில்லை. இருவர் ஒரே ஆசிரியை–மாணவி ஜோடி என்பதை மட்டும் கவனிக்கச் சொல்வேன்.

இப்போது ஓசூர். சிப்காட் வந்ததிலிருந்து இந்த ஊர் நுணுக்க வேலையால் வாழ்கிறது. எண்பதுகளில் டைட்டன் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியபோது சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பல்சக்கரம் பொருத்தக் கற்றார்கள். இன்று செல்போன் உதிரிபாக ஆலைகளின் பேருந்துகளில் பெண்களே நிறைந்து போகிறார்கள். போச்சம்பள்ளியில் தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா எலெக்ட்ரிக் 2021-இல் அறிவித்தது. பெண்ணுக்கு மாதச் சம்பளம் கிடைப்பதைக் குறைத்துப் பேச நான் யாருமில்லை. பல வீடுகளில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதே அந்தச் சம்பளம்தான். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர்க் கல்லூரிகளின் கணித வகுப்புகளை எட்டிப் பார்த்தால் அங்கேயும் மாணவிகளே நிறைந்திருக்கிறார்கள். கிராம்–ஷ்மிட் அவர்களுக்கு மனப்பாடம். பட்டம் முடிந்ததும் பி.எட்., அல்லது வங்கித் தேர்வு, அல்லது அதே ஆலைப் பேருந்து. அந்தக் கணக்கில் வர்க்கமூலத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் ஒருவர் கேட்டிருந்தால் அவர்களில் ஒருத்திக்காவது தூக்கம் கெட்டிருக்கும் என்று நம்புகிறேன். கேட்பதற்கு அந்த ஆசிரியருக்கு முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தூரம் ஒரு காரணம் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. சென்னைதான் முந்நூறு கிலோமீட்டர், பெங்களூரு நாற்பது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்தப் பக்கம் இந்திய அறிவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம், டாட்டா நிறுவனத்தின் கணித மையம் மூன்றும் இருக்கின்றன. சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதக் கழகம் சிறுசேரியில் இருக்கிறது. புள்ளியியல் நிறுவனத்தின் இளநிலைக் கணிதப் படிப்புக்குப் பிளஸ் டூ கணிதம் போதும்; நுழைவுத் தேர்வில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காண்பதைக் காட்டிலும், ஏன் என்று காரணம் எழுதச் சொல்வார்கள்; சேர்ந்தால் உதவித்தொகையும் உண்டு. நீட், ஜே.இ.இ. பயிற்சி மையங்களின் பலகைகள் பாகலூர் சாலையில் வரிசையாகத் தொங்குகின்றன. இந்தத் தேர்வின் பெயரைத் தாங்கிய பலகை ஒன்றையும் நான் பார்க்கவில்லை. விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். பிளஸ் டூ மாணவிகள் செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கும் சமயம் அது.